தசமங்களை ஒப்பிடல்: மனம் தவறும் இடம்

மாணவர்களே, 0.8, 0.45 ஆகிய இரண்டில் பெரியது எது? 45 ஆனது 8 ஐ விடப் பெரியது என்பதால் 0.45 எனப் பலர் எழுதிவிடுவர். தசமப் புள்ளிக்கு வலப்புறத்தையும் மனம் முழுவெண்ணாகவே வாசிப்பதுதான் காரணம். பணம் எண்ணும் பழக்கமும் இதற்குத் துணைபோகிறது. ரூபா 3.50 ஐ “மூன்று ரூபா ஐம்பது சதம்” என்கிறோம். சதத்துக்கு எப்போதும் இரண்டு இலக்கங்கள் எழுதுவதால் அங்கு பிழை வருவதில்லை.

ஆகவே “பூச்சியம் தசம் நாற்பத்தைந்து” என வாசிக்காதீர்கள். “பூச்சியம் தசம் நான்கு ஐந்து” என வாசியுங்கள். 0.8 இல் பத்திலொன்றுகள் 8, 0.45 இல் 4 மட்டுமே. முதலாம் தசமதானத்திலேயே விடை கிடைத்துவிட்டது. அது சமமாயின் மட்டுமே அடுத்த தானத்துக்குச் செல்லுங்கள்.

இதற்கு எதிரான பிழையும் உண்டு. நூறிலொன்று பத்திலொன்றைவிடச் சிறியது, எனவே நீண்ட தசமம் சிறியது எனச் சிலர் கொள்வர். இவர்களுக்கு மேலுள்ள வினாவில் சரியான விடையே கிடைக்கும்! 0.3, 0.46 எனக் கேட்டால்தான் குட்டு வெளிப்படும்.

இடையம் காணும் வினாக்களில் கவனம் தேவை. 0.4, 0.36, 0.385 ஐப் பாருங்கள். வலப்புறம் பூச்சியமிட்டுத் தானங்களைச் சமப்படுத்தினால் 0.400, 0.360, 0.385. ஏறுவரிசை 0.36, 0.385, 0.4, இடையம் 0.385. முழுவெண்போல் 4, 36, 385 என அடுக்கியவருக்கு 0.36 வரும். நீண்டது சிறியது என்பவருக்கும் அதே 0.36 தான்.

(பாடநூலில் 4.9 இன் பின் வரும் 4.10 பகுதி இலக்கமேயன்றித் தசமமன்று.)

பயிற்சி: 2.7, 2.07, 2.068, 2.6 ஆகியவற்றை ஏறுவரிசையில் எழுதுக.