சித்திரத்துள் மக்பெத்

நம் வகுப்பு மாணவன் ஒருவன் சித்திரப் புத்தகமொன்றைக் கையிலேந்தி வந்து, மக்பெத் முழுவதையும் ஒரே மாலையில் வாசித்து முடித்துவிட்டதாகப் பெருமையோடு கூறினான். புத்தகத்தை வாங்கிப் புரட்டினோம். சித்திரங்கள் குறைகூறத் தக்கனவல்ல. எனினும், அவன் வாசித்தது மக்பெத்தா என்னும் ஐயம் நம்மை விட்டகலவில்லை.

பேரிலக்கியங்களைச் சித்திரக் கதையாக்குதல் புதுமையன்று. அமெரிக்காவில் அல்பேட் கன்ரர் என்பார் 1941இல் தொடங்கிய வரிசை, 1947இல் 'கிளாசிக்ஸ் இலஸ்ற்றேற்றட்' எனப் பெயர் மாறிப் பல்லாண்டு நடந்தது. ஆசிரியர் பலர் அதனை வெறுத்தனர். மாணவரோ பரீட்சைக்கு முதல்நாள் அதனைத் தேடினர். நம் மாணவன் கொணர்ந்தது, 2008இல் இங்கிலாந்தின் கிளாசிக்கல் கொமிக்ஸ் நிறுவனத்தார் ஜோன் ஹவாட் என்பவரின் சித்திரங்களோடு வெளியிட்டது. அஃது ஒரு நூலன்று, மூன்று. ஒன்றில் சேக்ஸ்பியரின் மூல வசனம். மற்றொன்றில் அதன் இக்கால ஆங்கிலம். பிறிதொன்றில் மிகச் சுருங்கிய உரையாடல். மூன்றிற்கும் சித்திரம் ஒன்றே. சித்திரம் மாறாது நிற்கச் சொல் மட்டும் மாறுமாயின், சொல்லின் தொழில் யாதென அளந்தறிய மொழியாராய்வோர்க்கு இதனினுஞ் சிறந்த வாய்ப்பு வேறில்லை.

அவன் வாசித்தது சுருங்கிய பதிப்பு. மூல வசனப் பதிப்பைக் கொடுத்தனுப்பினோம். மறுவாரம் ஒரு வினாவோடு வந்தான்: மூன்றாம் அங்கத் தொடக்கத்தில், தனித்து நிற்கும் பாங்கோ மக்பெத்தை நினைந்து பேசுகையில் 'தௌ' என்கின்றான், மக்பெத் அரசனாய் எதிரே வந்ததும் அச்சொல் மறைந்து 'மாட்சிமை' என்னும் மரியாதை மொழி வருகின்றது, இஃது ஏன் என்றான்.

நல்ல வினா. இது மற்றைப் பதிப்புகளை வாசிப்போர்க்கு எழாத வினாவுமாகும். இக்கால ஆங்கிலத்தில் தோழனுக்கும் அரசனுக்கும் 'யூ' ஒன்றே. சேக்ஸ்பியர் காலத்திலோ நெருங்கியோர்க்கும், தாழ்ந்தோர்க்கும், எதிரில் இல்லாதார்க்கும், சினத்தில் இகழப்படுவோர்க்கும் ஒரு சொல் இருந்தது. பழைய தோழனின் உரிமையும், அவன் குற்றவாளியோ என்னும் ஐயமும் அந்த ஓரசைச் சொல்லுள் அடங்கிக் கிடக்கின்றன. 'நீ' என்றும் 'தாங்கள்' என்றும் நாள்தோறும் வேறுபடுத்திப் பேசும் நமக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? இவ்விடத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளரின் வேலை, இக்கால ஆங்கிலத்தில் எழுதுவோரின் வேலையினும் எளிது. முகபாவத்தால் ஓவியர் ஓரளவு ஈடுசெய்யலாம். ஆயின் முகம் ஐயத்தைக் காட்டுமேயன்றி, நா மாறியதைக் காட்டாது.

இனிச் சுட்டுச்சொற்களை நோக்குவோம். சேக்ஸ்பியரின் அரங்கு பெரும்பாலும் பட்டப்பகலில் திறந்த வானின் கீழ் அமைந்தது; காட்சித் திரைகள் இல்லை. ஆகவே இரவையும் கோட்டையையும் சொல்லே படைக்கவேண்டியிருந்தது. டங்கன் மன்னன் கோட்டையின் இனிய காற்றைப் புகழ, பாங்கோ அதன் சுவரிலே கூடு கட்டும் குருவிகளைக் காட்டுகின்றான். அச்சித்திரக் கட்டத்தில் கோட்டையையும் தீட்டிவிட்டால் அவ்வுரை பாதித் தொழிலை இழக்கின்றது. ஸ்கொட் மக்கிளவுட் என்பார் 1993இல் எழுதிய நூலில், சொல்லும் சித்திரமும் இணையும் முறைகளை ஏழாக வகுத்தார். இரண்டும் ஒன்றையே கூறுவது அவற்றுள் ஒன்று. நாடக நூல்கள் அவ்வலையிலே எளிதில் விழுகின்றன. ஆனால் எஞ்சிய பாதித் தொழில் அழியாது: கொலையுண்ணப் போகின்றவன் கொலைக்களத்தைப் புகழ்கின்றான் என்னும் கொடுமையை எத்தூரிகையாலும் தனித்து உணர்த்தல் அரிது.

குத்துவாட் காட்சி இன்னும் சிக்கலானது. தன் கண்முன் தோன்றும் வாள் மெய்யோ, உள்ளத்தின் மயக்கோ என மக்பெத் வினவுகின்றான். மேடையில் வாள் இல்லை. அவன் சுட்டும் சொல் மட்டுமே உண்டு. ஓவியர் வாளை வரைந்தால் நாமும் அதனைக் காண்கின்றோம். வரையாவிடின் அவன் பித்தன் என முடிவுசெய்கின்றோம். மங்கலாக வரைதல் நடுவழி. அதுவும் ஒரு தீர்ப்பே. விருந்திலே தோன்றும் பாங்கோவின் ஆவிக்கு இவ்விடர் இல்லை. அது வந்து அமர்வதாக 1623ஆம் ஆண்டுப் பதிப்பே குறிக்கின்றது.

யாப்பைப் பற்றியும் ஒரு சொல். பேச்சுக் குமிழின் அகலத்திற்கேற்ப அடிகள் முறிவதால், மூல வசனப் பதிப்பிலும் செய்யுள் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. இதற்காக நாம் மிக வருந்தவில்லை. நம் முன்னோர் ஏட்டிலே அடி பிரியாது எழுதிய பாட்டைச் செவியாலன்றோ பிரித்தனர்? சூனியக்காரிகளின் நாற்சீர்த் துள்ளலை உரக்க வாசித்தால் குமிழ் தடுக்காது. சுருங்கிய பதிப்பை எவ்வளவு உரக்க வாசித்தும் பயனில்லை.

சொல்லின் மங்கலையே உயிராகக் கொண்ட நூல்களில் இவ்விடர் முற்றுகின்றது. காஃப்காவின் 'உருமாற்றம்' என்னும் கதையில் நாயகன் மாறிய உருவைக் குறிக்கும் ஜெர்மன் சொல், இன்ன பூச்சியென வரையறுத்துக் கூறுவதன்று. அருவருக்கத்தக்க ஏதோவொரு பிராணி என்னுமளவிற்றே. பீற்றர் கூப்பர் 2003இல் அதனைச் சித்திரக் கதையாக்கியபோது அதற்கு ஓர் உடலும் கால்களும் கொடுக்கவேண்டியதாயிற்று. காஃப்கா இதனை முன்னரே அஞ்சியவர். 1915 ஒக்டோபரில் நூல் அச்சேறுங்கால், அப்பிராணியை அட்டையில் வரையவே கூடாது, தொலைவிலிருந்தும் காட்டலாகாது என்று பதிப்பாளருக்கு எழுதினார். பதிப்பாளர் இணங்கினர். அந்த அட்டையில் பூச்சி இல்லை; முகத்தைக் கைகளால் மூடிய ஒருவனும், அவன் பின்னே பாதி திறந்த கதவுமே உள்ளன.