ஒட்டகச்சிவிங்கியின் முன் பத்து நிமிடம்

சில ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்பு மாணவர்கள் 42 பேரை மைசூருக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். காலையில் ஸ்ரீ சாமராஜேந்திர உயிரியல் பூங்கா, பிற்பகல் அரண்மனை என்பது திட்டம். மன்னர் சாமராஜேந்திர உடையார் காலத்தில், 1892இல் தொடங்கப்பட்ட பூங்கா அது. விடுமுறை நாள் என்பதால் கூட்டம் தோளோடு தோள் உரசியது. "நிக்காதீங்க, நடங்க" என்பதைத் தவிர அன்று நான் மாணவர்களிடம் வேறெதுவும் சொன்னதாக நினைவில்லை.

வெளிவாயிலில் எண்ணியபோது 41 பேர்தான் இருந்தனர். எனக்குக் கைகால் ஓடவில்லை. உடன் வந்த ஆசிரியரிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு வந்த வழியே ஓடினேன். அரைமணி நேரத் தேடலுக்குப் பின், ஒட்டகச்சிவிங்கி இருக்கும் இடத்தில் தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி அவன் நின்றிருந்தான். பதற்றத்தில் கடுமையாகத் திட்டினேன். அவன் பதில் பேசவில்லை.

பேருந்தில் மெல்ல என் அருகில் வந்தான். "சார், அதுவும் எங்க மாடு மாதிரி அசை போடுது சார். வயித்துலேர்ந்து உருண்டை ஒண்ணு கழுத்து வழியா மேல ஏறுது. மென்னு முழுங்கினதும் திரும்பக் கீழ இறங்குது. நல்லாத் தெரியுது சார்" என்றான்.

அசைபோடும் விலங்குகளின் நான்கு அறை இரைப்பையைக் கரும்பலகையில் வரைந்து நடத்தியவன் நான். அது கண்ணெதிரே நடந்தபோது நின்று பார்க்கவில்லை. மற்ற மாணவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். புலி, யானை, முதலை என்று பெயர்கள் வந்தன. அவை என்ன செய்தன என்றதற்கு, "தூங்குச்சு சார்" என்பதே பதில்.

அவன் தனியே நின்றது தவறுதான். ஆனால், நின்று பார்க்க நேரமே ஒதுக்காமல் திட்டமிட்டது என் தவறு. மறுநாள் வகுப்பில் சாக்பீஸை அவனிடம் கொடுத்து விளக்கச் சொன்னேன்.

அதன்பின் சென்ற சுற்றுலாக்களில் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்கிறேன்.

1. வார விடுமுறையை முன்கூட்டியே அறிதல் (மைசூர் பூங்காவுக்குச் செவ்வாய்). திறக்கும் நேரத்திலேயே உள்ளே நுழைதல்.

2. ஏழு பேர் கொண்ட குழு, ஒவ்வொருவருக்கும் ஒரு இணை, வழி தவறினால் வந்து நிற்க ஓர் இடம். ஆசிரியரின் கைப்பேசி எண் அடையாள அட்டையில் இருக்க வேண்டும்.

3. மூன்று விலங்குகளை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் முன்பும் பத்து நிமிடம் நிற்றல். மற்றவற்றை நடந்தபடி பார்க்கலாம்.

4. குறிப்பேட்டில் மூன்று கேள்விகள்: எதை, எப்படித் தின்கிறது? நடக்கும்போது எந்தக் கால்கள் சேர்ந்து நகர்கின்றன? நம் ஊர் விலங்கு எதை ஒத்திருக்கிறது?

5. கூச்சலிடுதல், சீண்டுதல், தீனி போடுதல் ஆகியவை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதை வகுப்பிலேயே சொல்லிவிடுதல்.

6. திரும்பியதும் பாடத்தோடு இணைத்தல். அவ்வளவு நீளக் கழுத்திலும் நமக்கிருப்பது போல 7 எலும்புகளே என்றால், தங்கள் கழுத்தைத் தடவிப் பார்க்காத மாணவர் இல்லை.

கூட்டத்தை நம்மால் குறைக்க முடியாது. பார்க்க வேண்டியவற்றின் பட்டியலைக் குறைக்கலாம். கூலி வேலைக்குச் செல்லும் பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் பிள்ளைகள் வருகிறார்கள். ஒன்றையாவது அவர்கள் நன்றாகப் பார்த்துவிட்டு வீடு திரும்பட்டும்.