பழனி மலையில் வேலையில் அடிபட்டால்: இழப்பீடு கேட்க முழுமையான வழிகாட்டி

தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் மிளகு பறிக்க ஏணி வைத்து சில்வர் ஓக் மரத்தில் ஏறியவர் தவறி விழுந்தால், முதலில் காதில் விழுவது "ஆஸ்பத்திரி செலவை நான் பாத்துக்கறேன், கேஸெல்லாம் வேண்டாம்ப்பா" என்பதுதான். செலவைப் பார்க்கட்டும். ஆனால் சட்டப்படி மருத்துவச் செலவு வேறு, இழப்பீடு வேறு.

முதல் நாள்: ஏ.ஆர். காப்பி

அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) எந்த எஸ்டேட், என்ன வேலை, எத்தனை மணி என்பதெல்லாம் ஏற வேண்டும். "வீட்டில் வழுக்கி விழுந்ததா சொல்லிடு" என்று கூட வந்தவர் காதைக் கடித்தால் கேட்காதீர்கள். பின்னால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் நீட்டுவது அந்த ஒரு வரியைத்தான். கூலிக்குச் சான்றாக பாஸ்புக், ஜிபே பதிவு, மேஸ்திரியின் நோட்டுப் பக்கம் எதுவானாலும் எடுத்து வையுங்கள். முதலாளிக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் ஒன்று போடுங்கள்.

யார் தருவது?

கான்ட்ராக்டர் கூட்டி வந்த ஆள் என்றாலும் எஸ்டேட்டையோ ஹோட்டலையோ நடத்துபவரிடமே கேட்கலாம். அவர் கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்வார். உங்கள் கவனக்குறைவு உரிமையைப் பறிக்காது. குடிபோதையில் நடந்தது என்று நிரூபித்தால் மறுக்கலாம்; மரணத்திலும் முழு ஊனத்திலும் அந்த வாதமும் எடுபடாது. இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள் இ.எஸ்.ஐ.யிடம்தான் கேட்க வேண்டும்.

எவ்வளவு?

உதாரணத்துக்கு ஒருவர்: 30 வயது, மாதக் கூலி 12,000 ரூபாய், ஒரு கட்டைவிரல் முழுதாகப் போய்விட்டது. கூலியில் 60 சதவீதம் 7,200. அந்த வயதுக்குச் சட்டம் தரும் காரணி 207.98. பெருக்கினால் 14,97,456. கட்டைவிரலுக்கு 30 சதவீதம். ஆக ஏறக்குறைய 4,49,237 ரூபாய். கையில் பத்தாயிரத்தைத் திணிக்க வருபவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

நோயும் விபத்துதான்

கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையை இந்துஸ்தான் லீவர் 2001-இல் மூடியது. பாதரசம் உடலைக் கெடுத்துவிட்டதென்று முன்னாள் தொழிலாளர்கள் 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். வேலைதான் காரணம் என்பதை நிறுவனம் கடைசிவரை ஏற்கவில்லை. 591 பேருக்கான உடன்பாடு வந்தது 2016 மார்ச்சில். இத்தனைக்கும் பாதரச நோய் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலேயே இருக்கிறது! அதனால் மேல்மலைத் தோட்டங்களில் மருந்தடிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: தலைசுற்றல், வாந்தி என்று டாக்டரிடம் போனால் என்ன மருந்து அடித்தீர்கள் என்பதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். காலி டப்பாவையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

எங்கே, எப்போது?

2 ஆண்டுக்குள். 1923-இன் இழப்பீட்டுச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது, கெடு மாறவில்லை. விபத்து வேறு ஊரில் நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான தொழிலாளர் துறை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். வக்கீலுக்குப் பணமில்லையா? சட்ட உதவி எண் 15100-க்குக் கூப்பிடுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு.

சமரசம் பேசினால்

வெற்றுத் தாளில் கையெழுத்து கூடாது. உடன்பாட்டைத் தொழிலாளர் துறை அதிகாரியிடம் பதிய வேண்டும். தொகை போதாதென்று கண்டால் அவர் மறுக்கலாம். மரணம் என்றால் இழப்பீட்டை அவரிடம்தான் கட்ட வேண்டும், குடும்பத்தார் கையில் கொடுத்துக் கணக்கை முடிக்க முடியாது. தீர்ப்பு வந்தபின் முதலாளி மேல்முறையீடு போவதாக மிரட்டினால் பயப்படாதீர்கள்: முழுத் தொகையையும் கட்டிய சான்றிதழ் இல்லாமல் அவருடைய மனு உயர் நீதிமன்றத்தில் ஏறாது.