காப்பது வேறு, குவிப்பது வேறு

திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியில் ஓலைச்சுவடிகளுக்கென ஓர் அருங்காட்சியகம் 2022-ஆம் ஆண்டின் இறுதியில் திறக்கப்பட்டது. முன்பு மாநில ஆவணக் காப்பகத்தின் ஒரு பிரிவு இயங்கிவந்த பழைய கட்டடம் அது. காப்பகத்தில் உள்ள பெருந்திரளான ஓலைகளிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட 187 சுவடிகள் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டன. நிலம், நிர்வாகம், போர், கல்வி, வைத்தியம், கலை என்று அவை வகை பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஸ்ரீ பத்மநாபசுவாமி ஆலயத்தின் நிர்வாகக் குறிப்புகளான மதிலகம் ஆவணங்களுக்கும் தனி இடம் உண்டு. 'சுருணை' எனப்படும் ஓலைச் சுருள்களாக மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மதிலகம் ஆவணங்கள் காக்கப்பட்டு வந்துள்ளன.

ஓர் ஓலையில் எழுதுவது அன்று எளிய காரியமன்று. ஓலையைத் தெரிந்து வெட்டி, பதப்படுத்தி, உலர்த்தி, எழுத்தாணியால் கீறி, எழுத்துத் தெரிவதற்காக மை தடவ வேண்டும். பின்னர் பூச்சி அரிக்காதிருக்கப் புல்தைலம் பூசி, துணியில் சுற்றிவைக்க வேண்டும். ஆகவே எழுதத் தக்கது எது, காக்கத் தக்கது எது என்ற விசாரம் முதலில் நிகழ்ந்தது. ஓலை அதன் பின்னரே உருவாயிற்று.

இன்றைய இல்லத்தில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. காகிதம் யாரும் கேளாமலே வாயிற்படி ஏறி வருகிறது. நாளிதழ், மின்கட்டண ரசீது, வங்கிக் கடிதம், திருமண அழைப்பிதழ், கடைகளின் விளம்பரத் தாள், மருந்துச் சீட்டு, பள்ளியிலிருந்து வந்த சுற்றறிக்கை என்று நாள்தோறும் வந்து சேர்கிறது. வந்தது வேண்டுமா, வேண்டாமா என்ற விசாரம் மட்டும் நிகழ்வதில்லை. மேசையின் மீதும், தொலைக்காட்சிப் பெட்டியின் மீதும், பூஜை அறை அலமாரியின் மூலையிலும் அது அமர்ந்துகொள்கிறது. உற்று நோக்கினால், வீட்டில் காணும் காகிதக் குவியல் உண்மையில் எடுக்கப்படாத முடிவுகளின் குவியலே என்பது விளங்கும்.

காத்தவர்களால் கிடைத்த செல்வம்

தாமிரபரணிக் கரை நாட்டைச் சேர்ந்த தருவையில் 1860-இல் பிறந்தவர் மகாமகோபாத்தியாய தி. கணபதி சாஸ்திரி. சமஸ்கிருதச் சுவடிகளைத் தேடிப் பதிப்பிப்பதற்காகத் திருவிதாங்கூர் அரசு 1908-இல் ஒரு துறையை நிறுவி, அவரை அதன் தலைவராக்கியது. பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரை மடத்தில் 105 ஓலைகள் கொண்ட ஒரு சுவடிக் கட்டு அவர் கைக்கு வந்தது. பழைய மலையாள லிபியில் எழுதப்பட்டிருந்த அதில் வடமொழி நாடகங்கள் பல இருந்தன. காளிதாசனே புகழ்ந்து குறிப்பிட்ட பாஸ மகாகவியின் நாடகங்கள் அவை என்று கணபதி சாஸ்திரி முடிவு செய்தார். 'ஸ்வப்ன வாசவதத்தம்' 1912-இல் திருவனந்தபுரம் சமஸ்கிருத வரிசையில் அச்சேறியது. அவற்றின் ஆசிரியர் யார் என்பது குறித்து அறிஞர்கள் பின்னர் நெடுங்காலம் விவாதித்ததுண்டு. ஆயினும் அந்நூல்களை உலகம் அடைந்தது, ஒரு மடத்தார் ஓர் ஓலைக் கட்டைத் தலைமுறை தலைமுறையாகப் பேணியதனால்தான்.

இதைக் கேட்கும் இல்லறத்தார் ஒருவர், 'அப்படியானால் எதையும் எறியாமல் வைத்திருப்பதே நல்லதன்றோ?' என்று வினவலாம். இங்கேதான் ஒரு நுட்பம் உள்ளது. அந்தச் சுவடி மூலையில் போடப்பட்டிருக்கவில்லை, பேணப்பட்டிருந்தது. காத்தல் என்பது ஒன்றின் மதிப்பை அறிந்து, அதற்கு இடம் வகுத்து, வேண்டும் பொழுதில் எடுக்கத் தக்கதாக வைத்திருப்பது. குவித்தல் என்பது அறியாமலும் ஆராயாமலும் சேரவிடுவது. தேடினால் கிடைக்காத ஒரு பத்திரம் வீட்டில் இருந்தும் இல்லாததே.

குவிப்பின் வேர் மனத்தில்

குவிப்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது அச்சம்: 'என்றேனும் வேண்டியிருந்தால் என் செய்வது?' இரண்டாவது பற்று: 'இது இன்னார் கைப்பட எழுதியது, இந்தப் பயணத்தில் கிடைத்தது.' மூன்றாவது சோம்பல்: 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்.' இவற்றுள் மூன்றாவதே மிகுதியான காகிதத்தைச் சேர்க்கிறது. தமோகுணத்தின் இயல்பே ஒத்திப்போடுவதுதான்.

பதஞ்சலி முனிவர் யமங்களுள் ஒன்றாக அபரிக்கிரகத்தையும், நியமங்களுள் முதலாவதாக சௌசத்தையும் வைத்தார். அபரிக்கிரகம் என்றால் தேவைக்கு மேல் பற்றிக்கொள்ளாதிருத்தல். சௌசம் என்றால் தூய்மை. இவை துறவிக்கு மட்டும் உரியவை என்று ஒதுக்கிவிடுதல் சரியன்று.

சுவாமி விவேகானந்தர் 1892-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பரிவ்ராஜகராகத் திருவனந்தபுரம் வந்து, பேராசிரியர் சுந்தரராம ஐயரின் இல்லத்தில் ஒன்பது நாட்கள் தங்கினார். அந்நாட்களைத் தம் முதல் நவராத்திரி என்றே ஐயர் பின்னாளில் எழுதினார். விருந்தாளியிடம் இருந்தவை மிகச் சிலவே. அவரை உபசரித்தவரோ குடும்பமும் பதவியும் உடைய இல்லறத்தார். இருவருடைய தர்மமும் வேறு. துறவி உடைமையை விடுகிறார். இல்லறத்தார் பிறர் பொருட்டு அதனைக் காக்கிறார். மனையின் ஆதாரப் பத்திரமும், பிள்ளைகளின் கல்விச் சான்றிதழும், முதியோரின் ஓய்வூதியக் காகிதமும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டவை. அவற்றுக்கு அவர் உரிமையாளர் அல்லர், பொறுப்பாளர். பொறுப்பாளர் என்ற உணர்வு வந்துவிட்டால், காக்க வேண்டியதைக் காக்கும் கருத்தும், வேண்டாததை விடும் துணிவும் ஒருங்கே வரும்.

சிதறலின் விலை

காகிதம் சிதறிக் கிடப்பதால் என்ன கேடு? நலமான நாட்களில் கேடு தெரிவதில்லை. குடும்பத் தலைவர் திடீரென மருத்துவமனையில் சேர்க்கப்படும் இரவில் அது தெரியும். காப்பீட்டுப் பத்திரம் எந்த இழுப்பறையில் உள்ளது? முன்பு எடுத்த இரத்தப் பரிசோதனை முடிவு எங்கே? மனைவிக்கும் மக்களுக்கும் தெரியாது. தெரிந்தவரோ பேசும் நிலையில் இல்லை.

வங்கிகளில் பத்து ஆண்டுகள் எவரும் இயக்காத கணக்குகளின் தொகை, ரிசர்வ் வங்கியின் பராமரிப்பில் உள்ள தனி நிதிக்கு மாற்றப்படுகிறது. 2024 மார்ச் மாத இறுதியில் அந்த நிதியில் இருந்த தொகை 78,213 கோடி ரூபாய். இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, தந்தை வைத்த வைப்பு இருப்பதையே பிள்ளைகள் அறியாமை. உரியவர்கள் இத்தகைய தொகையைத் தேடிக் கண்டறிய 'உத்கம்' என்னும் இணைய வாயில் 2023 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. வாரிசுகள் உரிமை கோரிப் பெறவும் வழி உண்டு. எனினும் ஒரு தாளில் எழுதிவைத்திருந்தால் அந்த அலைச்சலே வேண்டியதில்லை.

2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தில் கேரளத்தில் பல்லாயிரம் குடும்பங்கள் வீடு விட்டு வெளியேற நேர்ந்தது. சான்றிதழ்களையும் பத்திரங்களையும் இழந்தவர்களுக்கு மறுபிரதி வழங்க அரசு தனியே அதாலத்துகள் நடத்த வேண்டியதாயிற்று. ஒரே கையில் எடுத்துச் செல்லத்தக்க உறை ஒன்றில் முக்கிய ஆவணங்கள் இருப்பது எத்துணைப் பெரிய காப்பு என்பதை அந்நாட்கள் உணர்த்தின.

வாயிற்படியில் தொடங்கும் பழக்கம்

ஒரு நாள் ஆவேசமாக வீட்டைப் புரட்டிச் சுத்தம் செய்வதால் பயன் சிறிதே. மறுமாதம் குவியல் மீண்டும் எழும். சிறு பழக்கங்களை இடைவிடாது கைக்கொள்வதே வழி.

முதலாவதாக, வீட்டிற்குள் வரும் காகிதங்கள் அனைத்திற்கும் ஒரே இடம் வகுக்க வேண்டும். ஒரு சிறு தட்டோ கூடையோ போதும். அது பெரிதாக இருத்தல் கூடாது. பெரிய கூடை சோம்பலுக்குத் துணை போகும்.

இரண்டாவதாக, மாலை விளக்கேற்றுவதற்கு முன் பத்து நிமிடம் அந்தத் தட்டை ஒழிக்க வேண்டும். ஒவ்வொரு தாளையும் எடுத்து, 'இதனால் செய்ய வேண்டியது ஏதேனும் உண்டா? இது காக்கத் தக்கதா? இரண்டும் இல்லையெனில் ஏன் இங்கு இருக்கிறது?' என்று கேட்க வேண்டும். கையில் எடுத்த தாளை முடிவு செய்யாமல் கீழே வைப்பதில்லை என்பதே இதில் விரதம்.

மூன்றாவதாக, காக்கத் தக்கவற்றை மூன்று கோப்புகளாகப் பிரிக்க வேண்டும். மனை ஆதாரம், பிறப்பு மற்றும் திருமணச் சான்றிதழ், கல்விச் சான்றிதழ், உயில் போன்றவை நிலையானவை. வரிக் கணக்கு, காப்பீடு, பொருள்களுக்கான உத்தரவாத அட்டை ஆகியன காலவரை உடையவை. உறையின் மேல் 'இன்ன ஆண்டு வரை' என்று எழுதிவைத்தால், அந்த ஆண்டு கடந்ததும் ஐயமின்றி நீக்கலாம். கட்ட வேண்டிய கட்டணமும் நடைபெறும் சிகிச்சைக் குறிப்பும் நடப்பில் உள்ளவை. வாரம் ஒரு முறை இந்த மூன்றாவது கோப்பைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

நான்காவதாக, எந்தக் கோப்பில் எது உள்ளது என்பதை ஒரே தாளில் எழுதி, குடும்பத்தில் இன்னொருவரிடமும் சொல்லிவைக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் தெரிந்த ஒழுங்கு பாதி ஒழுங்கே.

ஈரமும் பூச்சியும்

இடவப்பாதியும் துலாவர்ஷமும் என இரு மழைக்காலம் காணும் திருவனந்தபுரத்தில் காகிதத்திற்குப் பகை ஈரம். சுவரை ஒட்டிய அலமாரியில் நெருக்கி அடைத்த தாள்களில் பூஞ்சை படரும். இராமபாணப் பூச்சியும் கரையானும் வரும். ஆவணங்களைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி, தரைக்கு மேல், காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். மூலப் பத்திரங்களைப் பிளாஸ்டிக் உருக்கி ஒட்டும் 'லாமினேஷன்' செய்தல் தகாது. பின்னர் அதைப் பிரித்தெடுப்பது அரிது. ஏ.டி.எம். சீட்டும் பல கடைகளின் ரசீதும் வெப்பத்தால் அச்சாகும் தாளில் வருவதால் சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும். வேண்டியவற்றை உடனே நகலெடுப்பது நல்லது. 2015-இல் அரசு தொடங்கிய 'டிஜிலாக்கர்' வழியாக வழங்கப்படும் ஆவணங்களுக்கு மூலத்திற்கு நிகரான மதிப்பு உண்டென 2017-இல் விதி வகுக்கப்பட்டது. எனினும் கைபேசியில் ஆயிரம் படங்களைப் பெயரின்றிச் சேர்ப்பதும் குவிப்பே. இடம் மட்டும்தான் மாறுகிறது.

எறிய மனம் வராதவை

பக்தர் இல்லங்களில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. பழைய நாட்காட்டியில் தெய்வ உருவம்; பிரசாத உறையில் திருநாமம்; அழைப்பிதழில் விநாயகர். குப்பையில் இட மனம் கூசுகிறது; ஆண்டுக்கணக்கில் சேர்கிறது. கிழிந்து தூசி படிந்து மூலையில் கிடப்பதைவிட, வணங்கி விடைகொடுப்பதே மரியாதை. படத்தைத் தனியே எடுத்து, நீரில் ஊறவைத்துக் கரைத்து, காலடி படாத மண்ணில் சேர்க்கலாம். ஆன்மிக மாத இதழ்களைப் படித்த பின் நூலகத்திற்கோ, முதியோர் இல்லத்திற்கோ அளிக்கலாம். கட்டிவைத்த இதழைவிடப் பிறர் கையில் உள்ள இதழே அதன் பணியைச் செய்கிறது.

முதியோரின் காகிதங்களில் மிகுந்த கவனம் வேண்டும். மகனுக்கு வெற்றுத் தாளாகத் தோன்றுவது தந்தைக்குத் தம் வாழ்நாள் உழைப்பின் சாட்சியாக இருக்கலாம். ஒருவர் காகிதத்தை அவரைக் கேளாமல் எறிதல் இம்சையே. உடன் அமர்ந்து, ஒவ்வொன்றின் கதையையும் கேட்டு, அவரே விடுமாறு உதவ வேண்டும். அந்த ஒரு மணி நேரம் வீட்டைத் தூய்மையாக்குவதோடு உறவையும் இறுகச் செய்யும்.

வெளியே அனுப்புவதிலும் தர்மம் உண்டு. விளப்பில்சாலையில் இயங்கிய நகரின் குப்பைச் செயலகம், அவ்வூர் மக்களின் போராட்டத்தால் 2011 டிசம்பரில் மூடப்பட்டது. வாயிற்படி தாண்டிய குப்பை மறைந்துவிடுவதில்லை, இன்னொருவர் வாயிலில் போய்ச் சேருகிறது என்பதைத் திருவனந்தபுரம் அன்று கற்றது. தூய உலர்ந்த தாளைப் பழைய காகிதம் வாங்குவோரிடம் அளித்தால் அது மீண்டும் தாளாகும். வங்கி எண், கையொப்பம் உள்ள தாளைக் கிழித்தே அனுப்ப வேண்டும். எரித்தல் தகாது.

ஆண்டுக்கு ஒரு நாள்

ஆண்டுதோறும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவி திருவனந்தபுரத்திற்கு எழுந்தருளி, கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் கொலுவிருக்கிறாள். கம்பர் வழிபட்ட திருவுருவம் அது என்பது மரபுவழி நம்பிக்கை. அஷ்டமி மாலையில் வீடுகளில் நூல்களைப் பூஜையில் வைத்து, விஜயதசமியன்று எடுப்பர். பூஜை வைப்புக்கு முந்திய நாள், ஆண்டின் காகிதங்களை ஆராய்வதற்கு ஏற்ற நாள். தேவியின் முன் வைக்கத் தகுந்தவையே அலமாரியில் எஞ்சட்டும். அறிவைத் தாங்கிய ஏட்டுக்கு இடம் வேண்டுமாயின், அறியாமையால் சேர்ந்த தாள் விலகத்தான் வேண்டும்.

இம்மாதப் பயிற்சி

1. காகிதம் சேரும் ஓர் இடத்தை மட்டும் தெரிந்து, மாலைதோறும் பத்து நிமிடம் ஒழித்தல்.
2. முக்கிய ஆவணங்களை ஒரே உறையில் சேர்த்து, பட்டியல் எழுதி, குடும்பத்தில் ஒருவருக்குக் காட்டுதல்.
3. வைத்துக்கொள்ளும் ஒவ்வொரு தாளும் அச்சத்தாலா, பற்றாலா, சோம்பலாலா, பொறுப்பாலா என்று தன்னைத்தானே வினவுதல்.

மாத இறுதியில் மேசையில் வெற்றிடம் தோன்றும். அதைவிட, ஒத்திப்போடாமல் முடிவெடுக்கும் திறன் மனத்தில் தோன்றியிருக்கும். அதுவே இப்பயிற்சியின் பயன்.