மோட்டார் வண்டியின் வலிமையும் மறைந்து நிற்கும் மின்குறைகளும்

வேகத்திற்கென்றே அமைந்த மோட்டார் வண்டியொன்று தன் வலிமை குன்றுமாயின், காண்போர் முதலிற் குறைகூறுவது எஞ்சினையே. ஆயினும், எஞ்சின் சிறிதும் பழுதுறாதிருக்க, களிம்பேறிய செம்புக்கம்பி இணைப்பு ஒன்றே அதன் ஆற்றலிற் பெரும்பகுதியைக் கவர்ந்துகொள்ளுதல் உண்டு. அக்கள்வனைக் கண்டுபிடிக்கும் முறையை இவ்வியாசத்திற் சுருக்கமாகக் கூறப் புகுந்தோம்.

வாலாஜாபேட்டையை ஒட்டிச் செல்லும் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையிற் கிழக்கு நோக்கிச் செல்வோமாயின், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார்ப் பந்தயக்களம் உள்ளது. அஃது அமைவதற்கு முன்னர், சோழவரத்துப் பழைய விமானத்தளத்திற் பந்தயங்கள் நிகழ்ந்து வந்தன. களத்தில் வண்டியின் வலிமை திடீரெனக் குறையுமாயின், போவது வெற்றி மட்டுமே. அதே குறை நெடுஞ்சாலையில், முன்செல்லும் லாரியைக் கடக்கும் தறுவாயில் நேருமாயின், உயிரே போதல் கூடும். ஆதலின் இவ்விஷயம் பந்தயக்காரர்க்கு மட்டும் உரியதன்று.

இங்கு முதன்மையாக அறியத்தக்க உண்மை ஒன்றுண்டு. மின்கம்பியை அது வேலை செய்யும்போதே சோதித்தல் வேண்டும். ஓய்ந்திருக்கும்போது சோதித்தலாற் பயனில்லை. இதன் காரணம், ஜெர்மானிய அறிஞர் ஓம் என்பார் 1827-இல் வெளியிட்ட விதியினால் விளங்கும். ஓர் இணைப்பில் இழக்கப்படும் மின்னழுத்தம், அதன் தடையை அதன் வழியே செல்லும் மின்னோட்டத்தாற் பெருக்கி வரும் தொகையாம். பெட்ரோல் பம்பு ஒன்று 10 ஆம்பியர் மின்னோட்டத்தைக் கொள்வதாக வைத்துக்கொள்வோம். களிம்பேறிய இணைப்பின் தடை 0.2 ஓம் ஆயின், அங்கே 2 வோல்ட் வீணாகும். பம்பு மெலிந்து சுழலும். எஞ்சினுக்கு வேண்டிய எண்ணெய் போதாது. ஆனால், பம்பைக் கழற்றிவிட்டுக் கம்பியின் நுனியில் வோல்ட்மீட்டரை வைத்தால், அது பாட்டரியின் முழு அழுத்தத்தையும் காட்டும்; ஏனெனில், மீட்டரின் வழியே செல்லும் மின்னோட்டம் மிகமிகச் சிறிது. கம்பி நன்றென்று துணிந்த தொழிலாளி புதிய பம்பை வாங்கி மாட்டுவான். பணம் போகும், குறை போகாது.

தோல் வாணிகத்திற் பழகிய நம் பக்கத்தார் இதனை எளிதில் உணர்வர். பதனிட்ட தோலை விரித்துப் பார்ப்பதோடு அவர்கள் நில்லார், மடித்தும் பார்ப்பர். விரித்த நிலையில் தோன்றாத குறை மடிப்பிலே தோன்றும்.

இனிச் சோதனை முறையை வரிசையாகக் கூறுவாம்.

முதலாவது, பாட்டரி. நன்கு மின்னேற்றிய 12 வோல்ட் பாட்டரி, ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட்டும், எஞ்சின் ஓடுகையில் ஏறத்தாழ 14 வோல்ட்டும் காட்டல் வேண்டும்.

இரண்டாவது, எர்த்துக் கம்பி. பலரும் மறப்பது இதனையே. மின்சாரம் சென்றால் மட்டும் போதாது, திரும்பியும் வருதல் வேண்டும். மீட்டரின் ஒரு நுனியைப் பாட்டரியின் எதிர்முனையிலும், மற்றொன்றை எஞ்சின் உடம்பிலும் வைத்து, விளக்குகளையும் விசிறியையும் இயக்குக. 0.2 வோல்ட்டுக்கு மேற்காட்டின் அவ்விணைப்பு ஐயுறத்தக்கது. அதனைக் கழற்றிச் சுரண்டித் துலக்கி இறுக்குக.

மூன்றாவது, பெட்ரோல் பம்பு. மேற்கூறியவாறே, அஃது ஓடும்போது அதன் முனைகளிலேயே அளத்தல் வேண்டும். இதனை அசட்டை செய்தல் ஆகாது. டர்போ பூட்டிய எஞ்சின் முழு வலிமையோடு ஓடுகையில் பெட்ரோல் குறையுமாயின், சூடு மிகுந்து பிஸ்டனே உருகுதல் கூடும்.

நான்காவது, தீப்பொறி. அமுக்கப்பட்ட காற்றின் ஊடே பொறி பாய்வதற்கு மிகுந்த அழுத்தம் வேண்டும். ஆகவே, மெலிந்த காயிலோ தேய்ந்த பிளக்கோ, வண்டி மெல்லச் செல்லும்போது குறை காட்டாது, விசையை முழுதும் மிதிக்கும்போதே தவறும். இப்பகுதியில் ஆயிரக்கணக்கான வோல்ட் அழுத்தம் இருத்தலால், எஞ்சின் ஓடுகையிற் கைவைத்தல் கூடாது.

ஐந்தாவது, கணிப்பொறியும் அதற்குச் செய்தி உரைக்கும் உணரிகளும். இவற்றிற் பல 5 வோல்ட் அளவில் இயங்குவன. எர்த்து பழுதுற்றால் உணரி பொய் உரைக்கும். கணிப்பொறி அதனை நம்பி, எஞ்சினைக் காக்கும் பொருட்டு வலிமையைத் தானே குறைத்துவிடும். அதிற் பதியும் குறியெண் சாட்சியேயன்றித் தீர்ப்பன்று. பி 0301 என்னும் எண், முதலாம் சிலிண்டரில் எரிதல் தவறியதென்று மட்டுமே கூறும். தவறு பிளக்கிலா, காயிலிலா, கம்பியிலா என்று கூறாது. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது நம் கடன். முதலாம் சிலிண்டரின் காயிலை இரண்டாவதற்கு மாற்றி ஓட்டுக. குறியெண் பி 0302 ஆக மாறுமாயின் குற்றம் காயிலினுடையது. மாறாதிருப்பின் காயில் குற்றமற்றது.

ஒருமுறைக்கு ஒன்றை மட்டுமே மாற்றுக. மாற்றுமுன் கண்ட அளவையும் பின் கண்ட அளவையும் ஏட்டிற் குறித்துவைக்க. இங்ஙனம் செய்யும் தொழிலாளியிடம் விலையுயர்ந்த கருவிகள் இல்லாதிருக்கலாம். ஆயினும், குற்றமற்ற உறுப்பைக் குப்பையில் எறிந்து, குற்றமுள்ள கம்பியோடு வண்டியைச் சாலைக்கு அனுப்பும் பிழை அவனிடம் நேராது.