பேய் அல்ல, நோய்

கர்நாடகத்தில் கோலார் தங்கவயல் இருக்கிறது. அங்கே தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். சுரங்க வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் அவர்கள். 2001-இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் பலர் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள்.

அப்படிப் போய்வந்த ஓர் இளைஞனின் கதையைக் கேளுங்கள். அவன் பெயர் செல்வம் என்று வைத்துக்கொள்வோம். வயது 22.

செல்வம் கலகலப்பானவன். சம்பளத்தை அப்படியே அம்மா கையில் கொடுப்பான். அவன் மெல்ல மெல்ல மாறினான். வேலைக்குப் போகவில்லை. குளிக்கவில்லை. இரவெல்லாம் தூங்காமல் நடந்தான். தனக்குத்தானே பேசினான், சிரித்தான்.

"பக்கத்து வீட்டுக்காரங்க என்னைக் கொல்லப் பார்க்கறாங்க. டிவியில என்னைப் பத்தித்தான் பேசறாங்க" என்றான்.

ஒருநாள் அம்மா போட்ட சோற்றைத் தள்ளிவிட்டான். "இதுல விஷம் வெச்சிருக்கே" என்றான். அம்மா அழுதுவிட்டாள்.

"காத்துக் கருப்பு அடிச்சிருக்கு" என்றார்கள் சிலர். மந்திரித்தார்கள். தாயத்துக் கட்டினார்கள். "கல்யாணம் பண்ணி வெச்சா சரியாப் போயிடும்" என்றார்கள் வேறு சிலர். ஆறு மாதம் போனது. கடன்தான் ஏறியது.

ஒருநாள் நள்ளிரவில் செல்வம் ரயில் பாதையில் நடந்துகொண்டிருந்தான். யாரோ பார்த்து அழைத்து வந்தார்கள். மறுநாள் அப்பா கடைக்குப் போனார். ஒரு சங்கிலி வாங்கி வந்தார்.

அப்போதுதான் அந்தப் பகுதி ஆஷா ஊழியர் வீட்டுக்கு வந்தார்.

"என்னய்யா இது சங்கிலி?"

"வேற என்னம்மா செய்யறது? ஒரே பையன். ரயில்ல அடிபட்டுடுவானோன்னு பயமா இருக்கு."

"உங்க பயம் எனக்குப் புரியுது. ஆனா, உங்களுக்குச் சர்க்கரை வந்தப்போ உங்களைக் கட்டியா போட்டாங்க? மாத்திரை கொடுத்தாங்க இல்ல? இதுவும் ஒரு நோய்தான். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலாம். நானும் கூட வரேன்."

இது என்ன நோய்?

செல்வத்துக்கு வந்தது மனச்சிதைவு நோய். ஸ்கிசோஃப்ரினியா என்று டாக்டர்கள் சொல்வார்கள். உலகில் 2 கோடிக்கும் அதிகமானவர்களுக்கு இந்த நோய் உள்ளது. ஏழை, பணக்காரர், படித்தவர், படிக்காதவர் யாருக்கும் வரலாம். பெரும்பாலும் இளம் வயதில் தொடங்குகிறது.

இதன் அறிகுறிகள்:

- யாரும் பேசாதபோதும் காதில் குரல் கேட்பது.
- பிறர் தனக்குத் தீங்கு செய்வதாக உறுதியாக நம்புவது.
- முன்னுக்குப் பின் தொடர்பில்லாமல் பேசுவது.
- யாருடனும் சேராமல் ஒதுங்கியே இருப்பது.
- குளிப்பது, உடுத்துவது, வேலை செய்வது எதிலும் அக்கறை இல்லாமல் போவது.
- தூக்கம் கெடுவது.

இவற்றில் ஒன்றைப் பார்த்ததும் நாமே முடிவு கட்டக் கூடாது. டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் இவை பல நாட்கள் நீடித்தால் காத்திருக்கவும் கூடாது.

ஏன் வருகிறது?

நம் மூளையில் சில இரசாயனப் பொருட்கள் உண்டு. செய்திகளைக் கொண்டு செல்வது அவற்றின் வேலை. அந்த வேலை சீர்கெடும்போது இல்லாத குரல் கேட்கிறது. நோயாளி நடிக்கவில்லை. அவருக்கு உண்மையாகவே கேட்கிறது.

இந்த நோய்க்குக் காரணம் ஒன்றல்ல, பல. சில குடும்பங்களில் இது வழிவழியாக வரலாம். தாய்க்கோ தந்தைக்கோ இருந்தால், பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் பத்துப் பேருக்கு வரலாம். மற்றவர்களுக்கு வருவதில்லை. கஞ்சாப் பழக்கம் ஆபத்தைக் கூட்டும். பெரும் மனக்கவலையும் நோயைத் தூண்டலாம்.

பேயோ, செய்வினையோ, பாவமோ காரணம் அல்ல. தாயின் வளர்ப்பும் காரணம் அல்ல. கல்யாணம் இதற்கு மருந்தும் அல்ல.

சிகிச்சை உண்டா?

உண்டு. 1950-களிலிருந்தே இதற்கு மருந்துகள் இருக்கின்றன. இப்போது இன்னும் நல்ல மருந்துகள் உள்ளன. மாத்திரை சாப்பிட மறுப்பவர்களுக்கு மாதம் ஒருமுறை போடும் ஊசியும் உண்டு.

மருந்து ஒரே நாளில் வேலை செய்யாது. சில வாரங்கள் ஆகும். சிலருக்குத் தூக்கம் வரும். கை நடுங்கும். உடல் எடை கூடும். அப்போது மருந்தை நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார்.

செல்வமும் மருந்து சாப்பிட்டான். இரண்டு மாதத்தில் குரல்கள் அடங்கின. நன்றாகத் தூங்கினான். "நல்லாத்தானே இருக்கேன், இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்திவிட்டான். அப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழிந்தது. ஒருநாள் செல்வம் சாப்பிட உட்கார்ந்தான். சோற்றை எடுத்து மோந்து பார்த்தான். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டாக்டர் சொன்னார்: "நீ நல்லா இருந்ததே மாத்திரையாலதான் தம்பி. எப்போ குறைக்கணும், எப்போ நிறுத்தணும்னு நான் சொல்றேன். நீயா நிறுத்தாதே."

வீட்டார் என்ன செய்யலாம்?

"குரலும் இல்லை, ஒண்ணும் இல்லை, சும்மா இரு" என்று அதட்டாதீர்கள். "எனக்குக் கேக்கலை. ஆனா உனக்குப் பயமா இருக்குன்னு தெரியுது. நான் கூட இருக்கேன்" என்று சொல்லுங்கள். சின்னச் சின்ன வேலை கொடுங்கள். கேலி பேசுவோரைத் தடுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாதீர்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

சங்கிலி கூடாது

2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. நாடே அதிர்ந்தது.

மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது 2017-இல் வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம். அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெறுவது அவரது உரிமை. 14416 என்ற எண்ணுக்கு இலவசமாகப் போன் செய்யலாம். இரவிலும் பேசலாம். தமிழிலும் பேசலாம்.

செல்வம் இப்போது வீட்டுக்கு அருகில் ஒரு கடையில் வேலை செய்கிறான். எப்போதாவது குரல் மெல்லக் கேட்கும். கேட்டால் அம்மாவிடம் சொல்லிவிடுவான். அப்பா அந்தச் சங்கிலியைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். இரவில் அம்மா சோறு போடுகிறாள். செல்வம் சாப்பிடுகிறான். பிறகு தானே மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்கிறான்.

பேசிப் பார்ப்போம்

1. செல்வத்திடம் அம்மா கண்ட மாற்றங்கள் என்னென்ன?
2. அப்பா ஏன் சங்கிலி வாங்கினார்? அவர் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?
3. மாத்திரையை நிறுத்தியதும் என்ன ஆனது?
4. உங்கள் ஊரில் மனநோய் வந்தவரை மக்கள் எப்படி நடத்துகிறார்கள்? அதை எப்படி மாற்றலாம்?

எழுதிப் பழகுவோம்

பேய் அல்ல, நோய்.
சங்கிலி வேண்டாம், சிகிச்சை வேண்டும்.
உதவிக்கு: 14416.