கூட்டத்துக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்தே வாருங்கள்

ரத்தம் உறையாத வியாதி உள்ள குடும்பங்களுக்கும் அவர்களுடைய உறவினர்களுக்கும் ஒரு பாடம்



ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 17-ஆம் தேதி உலக ஹீமோபிலியா தினம். ஹீமோபிலியா என்பது ரத்தம் சரியாக உறையாத ஒரு பிறவி வியாதி. அந்தத் தேதியை ஒட்டி அரசு மருத்துவமனைகளிலும் ஹீமோபிலியா சங்கங்களிலும் குடும்பக் கூட்டம் நடத்துகிறார்கள். டாக்டர்கள் வருகிறார்கள். வியாதி உள்ள பிள்ளைகள், வாலிபர்கள், பெற்றோர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் கூடுகிறார்கள்.

பல வீடுகளிலிருந்து தாய் மட்டும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். தகப்பன் வருவதில்லை. "அது அவ வீட்டு வழியா வந்த வியாதி, அவளே பாத்துக்கட்டும்" என்று சொல்பவர்களும் உண்டு. இது தவறு. ஏன் தவறு என்பதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

இந்தக் கூட்டம் எப்படி வந்தது?

கனடா நாட்டைச் சேர்ந்த ஃபிராங்க் ஷ்னாபெல் என்பவருக்கே இந்த வியாதி இருந்தது. தன்னைப் போன்றவர்கள் தனித்தனியாகக் கஷ்டப்படக் கூடாது, ஒன்றுசேர வேண்டும் என்று அவர் நினைத்தார். 1963-ல் டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகரில் 12 நாட்டுப் பிரதிநிதிகளைக் கூட்டி உலக ஹீமோபிலியா சம்மேளனத்தைத் தொடங்கினார். அவர் பிறந்த நாள்தான் ஏப்ரல் 17. 1989 முதல் அந்த நாளை உலகம் முழுவதும் கொண்டாடி வருகிறார்கள். நம் இந்தியாவிலும் 1983-ல் ஹீமோபிலியா சம்மேளனம் தொடங்கப்பட்டது. அதற்குப் பல ஊர்களில் கிளைகள் உண்டு.

இது என்ன வியாதி?

நமக்குக் கையில் அரிவாள் பட்டால் சற்று நேரத்தில் ரத்தம் உறைந்து நின்றுவிடுகிறது. அப்படி உறைவதற்கு ரத்தத்தில் பல சத்துக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்ய வேண்டும். அவற்றை 'ஃபேக்டர்' என்கிறார்கள். 8-ஆம் நம்பர் ஃபேக்டர் குறைந்தால் ஹீமோபிலியா 'ஏ'. 9-ஆம் நம்பர் குறைந்தால் ஹீமோபிலியா 'பி'. ஆண் குழந்தைகளில் சுமார் 5,000 பேருக்கு ஒருவர் 'ஏ' வகையுடன் பிறக்கிறார். 'பி' வகை அதைவிட அபூர்வம்.

இந்தப் பிள்ளைகளுக்கு ரத்தம் வேகமாகக் கொட்டுவதில்லை. நீண்ட நேரம் நிற்காமல் கசிகிறது, அவ்வளவுதான். வெளிக் காயத்தைவிட உள்ளே கசிவதுதான் ஆபத்து. முழங்கால், கணுக்கால், முழங்கை மூட்டுகளுக்குள் திரும்பத் திரும்ப ரத்தம் கசிந்தால் மூட்டு கெட்டுப்போகும். பிள்ளை நொண்டியாகிவிடும். தலைக்குள் கசிந்தால் உயிருக்கே ஆபத்து.

யார் மேல் குற்றம்?

கிராம சுகாதாரச் செவிலியர் ஒரு வீட்டுக்குப் போகிறார். அங்கே நடக்கும் பேச்சைக் கேளுங்கள்.

மாமியார்: எங்க வம்சத்துல இப்படி ஒண்ணும் கெடையாதுங்க நர்சம்மா. இவ வந்த நேரம், எம் பேரனுக்கு இந்தக் கதி.

செவிலியர்: அப்படிச் சொல்லாதீங்க பெரியம்மா. இந்த வியாதி உள்ள மூணு பிள்ளைங்கள்ல ஒரு பிள்ளையோட குடும்பத்துல முன்னாடி யாருக்குமே இருந்திருக்காது. புதுசா வந்திருக்கும். அவங்க வீட்டுலயும் இல்லாம இருந்திருக்கலாம்.

மாமியார்: மாசமா இருக்கும்போது கிரகணத்துல வெளிய வந்தா. அதான்.

செவிலியர்: கிரகணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை பெரியம்மா. அவங்க சாப்பிட்டது, நடந்தது, செஞ்ச வேலை எதனாலயும் இது வராது. தெய்வக் குத்தமும் இல்லை. கரு உண்டாகும்போதே முடிவாகிப்போற விஷயம்.

கணவன்: எங்கிட்டேருந்து வரலைன்னு டாக்டரே சொல்லிட்டாருங்க. அப்புறம் நான் எதுக்குக் கூட்டத்துக்கு?

செவிலியர்: பிள்ளை உங்களோடதுதானே அண்ணே? நடுராத்திரி முழங்கால் வீங்கினா யார் தூக்கிட்டு ஓடறது? எந்த ஆஸ்பத்திரி, எந்த ஊசி, எவ்வளவு அளவுன்னு அக்காவுக்கு மட்டும் தெரிஞ்சாப் போதுமா? அக்கா காய்ச்சல்ல படுத்துட்டா?

மனைவி: போன வருசம் போயிட்டு வந்து, மூட்டை நீவி விடக் கூடாதுன்னு சொன்னேன். இவரு நம்பல சிஸ்டர். நீவ வச்சாங்க. பதினஞ்சு நாள் பிள்ளை நடக்கல.

செவிலியர்: பாத்தீங்களா அண்ணே, டாக்டர் சொல்றதை நீங்களே காதால கேட்டிருந்தா அந்தப் பதினஞ்சு நாள் வேதனை இல்லையே.

கணவன் அதற்குமேல் பேசவில்லை. எந்தத் தேதி, எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

வியாதி எப்படி வருகிறது?

பெண்ணுக்கு இரண்டு 'எக்ஸ்' குரோமோசோம். ஆணுக்கு ஒரு 'எக்ஸ்', ஒரு 'ஒய்'. இந்த வியாதிக்கான குறை 'எக்ஸ்'ஸில் இருக்கிறது. பெண்ணுக்கு ஒன்றில் குறை இருந்தாலும் மற்றொன்று ஓரளவு ஈடு கொடுக்கும். அவளைத் 'தாங்கி' என்கிறோம். ஆணுக்கு மாற்று இல்லாததால் வியாதி வெளியே தெரிகிறது.

தாய் தாங்கியாகவும் தகப்பன் வியாதி இல்லாதவராகவும் இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கு விதமாக அமையலாம்: நல்ல மகன், வியாதி உள்ள மகன், நல்ல மகள், தாங்கியான மகள். நான்குக்கும் சம வாய்ப்பு. ஒவ்வொரு கர்ப்பமும் புதிதாகத் திருவுளச் சீட்டுப் போடுவது போல. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, அடுத்த பிள்ளைக்கு வராது என்று நினைக்காதீர்கள்.

வியாதி உள்ள ஆண், தாங்கியாக இல்லாத பெண்ணை மணந்தால் அவருடைய மகன்கள் யாருக்கும் வியாதி வராது. ஆனால் மகள்கள் எல்லோரும் தாங்கிகள்.

நம் பக்கத்தில் தாய்மாமன் அக்காள் மகளைக் கட்டுவது வழக்கம். இங்கே கவனம் தேவை. மாமனுக்கு ஹீமோபிலியா இருந்தால் அக்காளும் தாங்கியாக இருக்கலாம், அவள் மகளும் தாங்கியாக இருக்கலாம். அப்படி அமைந்தால் பிறக்கும் பெண் குழந்தைக்கும் வியாதி வரலாம். ஆகையால் பேச்சு முடிக்கும் முன் பெண்ணுக்கு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். தாங்கி என்பதற்காக ஒரு பெண்ணை ஒதுக்கி வைக்காதீர்கள். தெரிந்துகொள்வது எச்சரிக்கையாக இருப்பதற்குத்தான்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

கீழ்க்கண்டவற்றில் ஏதாவது இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

1. குழந்தை தவழ ஆரம்பித்ததும் அடிபடாமலே உடம்பில் நீலமாகக் கன்றிப்போவது.
2. காது குத்திய இடத்திலோ, பல் விழுந்த இடத்திலோ நெடுநேரம் ரத்தம் கசிவது.
3. ஊசி போட்ட இடம் பெரிதாகக் கட்டிக்கொள்வது.
4. மூட்டு திடீரென வீங்கிச் சூடாக இருப்பது, பிள்ளை காலை ஊன்ற மறுப்பது.

தாங்கியான பெண்களுக்கும் சிலருக்கு மாதவிலக்கில் அதிகமாக உதிரம் போகும். பிரசவத்துக்குப் பின்னும் போகலாம். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்.

செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்

செய்யுங்கள்:
ரத்தக் கசிவு என்று சந்தேகம் வந்தாலே ஃபேக்டர் ஊசிக்குப் புறப்படுங்கள். வீக்கம் பெரிதாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அதுவரை அந்தக் கை காலை அசைக்காமல், தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். தலையில் அடிபட்டால், பிள்ளை சிரித்து விளையாடினாலும், உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். அங்கே டாக்டரிடம் முதல் வார்த்தையாக "ஹீமோபிலியா பிள்ளை" என்று சொல்லுங்கள்.

தடுப்பூசிகளைத் தவறவிடாதீர்கள். போடுபவரிடம் முன்கூட்டியே சொன்னால் மெல்லிய ஊசியால் போட்டு, அந்த இடத்தைப் பத்து நிமிடம் அழுத்திப் பிடிப்பார்.

செய்யாதீர்கள்:
வீங்கிய மூட்டை நீவி விடாதீர்கள். சூடு போடாதீர்கள். ஆஸ்பிரின், புரூஃபன் மாத்திரை கொடுக்காதீர்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும். சாதாரண வியாதிக்குச் சதையில் ஊசி போட விடாதீர்கள். டாக்டரைக் கேட்காமல் பல் பிடுங்கவோ காது குத்தவோ வேண்டாம்.

கூட்டத்தில் என்ன நடக்கும்?

ரத்த வியாதி டாக்டர் பேசுவார். உங்கள் பிள்ளையின் ஃபேக்டர் அளவு எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு என்றால் கடுமையான வகை. அந்தப் பிள்ளைகளுக்குக் கசிவு வந்தபின் ஊசி போடுவதைவிட, வாரத்தில் இரண்டு மூன்று தடவை முன்கூட்டியே போடுவதுதான் மூட்டைக் காப்பாற்றும். 'ஏ' வகைக்குத் தோலுக்கடியில் போடும் எமிசிசுமாப் என்ற மருந்தும் வந்திருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு எது பொருந்தும் என்பதை டாக்டர் சொல்வார். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஃபேக்டர் ஊசி இலவசம்.

உடற்பயிற்சி சொல்லிக் கொடுப்பவர் வருவார். நீச்சல் நல்லது, சடுகுடு கூடாது என்பது போன்ற விவரங்களைச் சொல்வார். வீட்டிலேயே நரம்பில் ஊசி போடப் பெற்றோருக்கும் பெரிய பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுப்பதும் உண்டு. முதல் தடவை கை நடுங்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வேறொரு தகப்பன் "எனக்கும் இப்படித்தான் நடுங்குச்சு" என்பார். அந்த தைரியத்தை எந்த மருந்துக் கடையிலும் வாங்க முடியாது.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஹீமோபிலியாவும் சேர்க்கப்பட்டிருக்கிறது. சான்றிதழ் பெறும் வழியைக் கூட்டத்தில் கேளுங்கள்.

மரபணு சிகிச்சை பற்றியும் கேள்விப்படுவீர்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் ஐந்து பேருக்கு அந்தச் சிகிச்சை அளித்து, நல்ல பலன் கிடைத்ததாக 2024 டிசம்பரில் அறிவித்தார்கள். இது நம்பிக்கை தரும் செய்தி. ஆனால் அதற்காக இப்போது போடும் ஊசியை நிறுத்திவிடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, வியாதியோடு வளர்ந்து, படித்து, வேலைக்குப் போகும் வாலிபர்களை அங்கே பார்ப்பீர்கள். உங்கள் பிள்ளையும் பார்ப்பான். "என்னைப் போலவே இத்தனை பேரா!" என்று ஆச்சரியப்படுவான்.

அடுத்த குழந்தை வேண்டுமா?

கர்ப்பம் ஆவதற்கு முன்பே டாக்டரிடம் போங்கள். தாயின் மரபணுப் பரிசோதனைக்குச் சில காலம் பிடிக்கும். அது முடிந்திருந்தால், விரும்புகிற தம்பதிகள் கர்ப்பத்தின் 11 முதல் 14 வாரத்துக்குள் கருவுக்கு வியாதி உண்டா என்று பார்க்கலாம். இதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்வதற்காகப் பார்ப்பது குற்றம். எந்த முடிவானாலும் கணவனும் மனைவியும் கலந்து பேசி எடுக்க வேண்டும். மாமியார், மாமனார் சொன்னார்கள் என்பதற்காக எடுக்கக் கூடாது.

தாங்கியான தாய்க்குப் பிரசவம் பெரிய மருத்துவமனையில்தான் நடக்க வேண்டும். ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுப்பதைத் தவிர்க்க டாக்டருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

கூட்டத்துக்கு வரும்போது

பிள்ளையின் மருத்துவச் சீட்டுகள், ஊசி போட்ட தேதிகள் எழுதிய நோட்டு, ஆதார் அட்டை ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். பிள்ளையின் சகோதரிகளையும் தாயின் அக்காள் தங்கைகளையும் அழைத்து வாருங்கள். அவர்களும் தாங்கிகளா என்று பரிசோதிக்க ஆலோசனை கிடைக்கும். கூட்டம் எங்கே, என்றைக்கு என்பதை மார்ச் மாதமே கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டு வையுங்கள்.

உங்கள் வீட்டில் இந்த வியாதி இல்லையென்றால், தெரிந்த வீட்டில் இந்தத் தாளைப் படித்துக் காட்டுங்கள்.

யோசித்துப் பாருங்கள், இருவரும் பேசிக்கொள்ளுங்கள்

1. பிள்ளைக்கு ஹீமோபிலியா வந்ததற்குத் தாயைக் குறை சொல்வது சரியா? ஏன்?
2. நடுராத்திரி மூட்டு வீங்கினால் எந்த மருத்துவமனைக்குப் போவீர்கள்? எப்படிப் போவீர்கள்?
3. பள்ளிக்கூட வாத்தியாரிடம் பிள்ளையின் வியாதியைச் சொல்லியிருக்கிறீர்களா?
4. உங்கள் சொந்தத்தில் கல்யாணத்துக்கு முன் யாருக்குப் பரிசோதனை தேவை?

இவற்றில் ஒன்றுக்குப் பதில் தெரியாவிட்டாலும் கூட்டத்தில் கேளுங்கள். கணவனும் கேட்கட்டும், மனைவியும் கேட்கட்டும். குழந்தை இருவருக்கும் சொந்தம், அதைக் காக்கும் அறிவும் இருவருக்கும் வேண்டும்.